இடுப்பில் பூட்டும் வார்: நாயோடு ஓட வாங்கிய தொகுப்பும் ஐந்து மாத அனுபவமும்

நாயின் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரிந்திருக்கும். ஒரு கை இயல்பாக வீசிக்கொண்டிருக்க, வார் பிடித்த கை விறைத்துப்போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்துத் தோள் மேலேறும். இரண்டு மூன்று கிலோமீட்டர் கடப்பதற்குள் கழுத்தின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு நாய் சிட்டுவுக்கு 4 வயது, 18 கிலோ எடை, எந்த இனம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத கலப்பு. அவளோடு ஓராண்டு இப்படி ஓடி, இடது தோளைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான், இடுப்பில் கட்டி ஓடும் வகைத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். வாரம் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் 4 முதல் 6 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் பலர் விற்கிறார்கள் என்பதால், பெயரைவிட அமைப்பைப் பற்றிச் சொல்வதுதான் வாங்கப்போகிறவருக்கு உதவும்.

பெட்டிக்குள் இருந்தவை: அகலமான இடுப்புப் பட்டை ஒன்று, நடுவில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த வார் ஒன்று, நாய்க்கான மார்புப் பட்டை ஒன்று, பட்டையில் கோத்துக்கொள்ளும் சிறு பையும் தண்ணீர்ப் புட்டியும், மடக்கினால் உள்ளங்கையளவு ஆகிவிடும் சிலிக்கோன் கிண்ணம், இவற்றோடு நான்கு பக்கக் கையேடு. இவற்றில் இடுப்புப் பட்டை மிக நன்று, வார் பரவாயில்லை, மார்புப் பட்டை வாங்குகிறவரின் கவனத்தைக் கோருகிறது, கையேடு மோசம்.

இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்குகிறேன். இதைப் பார்த்ததும் எவரும் பேன்ட் பெல்ட் போல இடையில்தான் கட்டுவார்கள்; நானும் அப்படித்தான் கட்டினேன். முதல் வாரம் முடிவதற்குள் அடிமுதுகு வலிக்கத் தொடங்கியது. நாய் முன்னோக்கி இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்பின் வளைந்த பகுதியில் போய் விழுந்ததுதான் காரணம். பட்டையை ஒரு சாண் கீழே இறக்கி, இடுப்பெலும்பின் மீது, புட்டத்தின் மேல்பாகத்தில் படியுமாறு கட்டியதும் வலி நின்றது. உடம்பின் எடை சமநிலை கொள்ளும் இடமும் ஏறத்தாழ அதுவே என்பதால், அங்கிருந்து இழுக்கப்படும்போது தள்ளாடாமல் ஓட முடிகிறது. பட்டை மேலேறாமல் இருக்கத் தொடையைச் சுற்றிப் போடும் இரண்டு வளையங்களையும் கொடுத்திருக்கிறார்கள். அவை பார்க்க விநோதமாக இருந்தாலும் கழற்றி எறிந்துவிடக் கூடாதவை. பட்டையின் உட்புறம் காற்றோட்டமான வலைத்துணி. வியர்வையில் ஊறினாலும் தோலை அறுப்பதில்லை. அலசிப் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடுகிறது.

இந்த அமைப்பு புதிதாக யோசித்துக் கண்டுபிடித்ததன்று. பனிவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனியில்லாத மாதங்களில் பயிற்சி விட்டுப்போகாதிருக்க, வண்டியோட்டிகள் அவற்றைத் தங்கள் இடுப்போடு பிணைத்துக்கொண்டு ஓடினார்கள். அதுவே பின்னர் ஐரோப்பாவில் கேனிகிராஸ் என்ற பெயரில் தனி விளையாட்டாக வளர்ந்து, இன்று போட்டிகளும் விதிகளும் உடையதாக இருக்கிறது. அதில் நாய் முன்னால் ஓடி மனிதரை இழுக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் விரும்புவது பக்கத்தில் ஓடும் நாயை. இந்தத் தொகுப்பை வடிவமைத்தவர்கள் இரண்டில் எதற்கு என்று முடிவு செய்யாமலே தைத்துவிட்டார்கள் என்பதுதான் என் முதல் குறை. வாரில் அந்தக் குழப்பம் தெளிவாகத் தெரிகிறது.

வாரின் நீளம் தளர்ந்த நிலையில் 120 செ.மீ., எலாஸ்டிக் முழுதும் விரிந்தால் 180 செ.மீ. நாய் சட்டென்று பாய்ந்தால் அந்த இழுப்பு ஒரே கணத்தில் வந்து அறையாமல், எலாஸ்டிக் விரியும் நேரத்துக்குள் பரவி மென்மையாக வந்து சேர்கிறது. மனிதரின் இடுப்புக்கும் நாயின் தோளுக்கும் இது ஒருங்கே நன்மை. முன்னால் ஓடும் நாய்க்கு இந்த நீளம் சரி. பக்கத்தில் ஓடும் நாய்க்கு அதிகம். சிட்டு என் காலோரம் ஒட்டி வரும்போதெல்லாம் வார் தொய்ந்து, ஒரு வளைவாகத் தொங்கி, என் முழங்காலுக்கும் அவளுடைய முன்னங்காலுக்கும் நடுவே ஊஞ்சலாடும். இரண்டு முறை அவள் அதில் காலை விட்டுச் சிக்கிக்கொண்டாள். நீளத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு சறுக்குக் கொக்கி வைத்திருந்தால் போதும், வைக்கவில்லை. வாரில் கைப்பிடி ஒன்று உண்டு. ஆனால் அதை நம் இடுப்புக்கு அருகில் தைத்திருக்கிறார்கள். எதிரே வேறொரு நாயோ மிதிவண்டியோ வரும்போது, நம் நாயைச் சட்டென்று அருகில் இழுத்து நிறுத்தக் கைப்பிடி நாயின் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்! இதைத் தைத்தவர் ஒருநாளாவது நாயோடு தெருவில் இறங்கியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

மார்புப் பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொகுப்பின் நன்மை தீமை அனைத்தும் கடைசியில் இதில்தான் வந்து முடிகிறது. கழுத்துப் பட்டையில் வாரை மாட்டி ஓடுவது கூடாது என்பதைப் பலரும் அறிவார்கள். இழுப்பு மூச்சுக்குழாயின் மீது விழும், மூச்சு வாங்கி ஓடும் நேரத்தில் அது இரட்டிப்புத் தொல்லை. எனவே மார்புப் பட்டை தேவை என்பதில் ஐயமில்லை. இந்தத் தொகுப்பில் வருவது, முன்னிருந்து பார்த்தால் ஆங்கில ஒய் எழுத்துப் போல, நெஞ்செலும்பின் மீது ஒரு பட்டை இறங்கி, கழுத்தின் இருபுறமும் இரண்டு பட்டைகள் ஏறும் வகை. தோளின் குறுக்கே கிடையாக ஓடும் வகையை முன்பு வைத்திருந்தேன். அதில் சிட்டு முன்னங்காலை முழுதாக நீட்டவில்லை என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இதில் அந்தத் தொல்லை இல்லை. வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக நிறுவனத்தைப் பாராட்டலாம்.

அளவில்தான் சறுக்கினார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அட்டவணை நாயின் எடையை மட்டும் வைத்து அளவைச் சொல்கிறது. 18 கிலோ என்றால் நடுத்தர அளவு. ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு நாய்களில் ஒன்று பீப்பாய் போலவும் மற்றொன்று நெஞ்சு ஆழ்ந்து வயிறு ஒட்டியும் இருக்கும் என்பதை அந்த அட்டவணை அறியாது. சிட்டு இரண்டாம் வகை. வீட்டுக் கூடத்தில் நிறுத்தி மாட்டிப் பார்த்தபோது பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. சரியாக இருக்கிறது என்றே நம்பினேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, அவள் ஓட்டத்தில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். நான் ஓடும் வேகத்துக்கு அவளுக்கு இயல்பாக வரும் நடை துள்ளோட்டம்: வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாக, அடுத்து மற்ற இரண்டும் ஒன்றாக, டக் டக் டக் என்று தாளம் தப்பாமல் தரையில் விழும். அன்று அந்தத் தாளத்தில் ஓர் இடறல் கேட்டது. நாலடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் தத்தல். வீட்டுக்கு வந்து மல்லாத்திப் போட்டுப் பார்த்தால், வலது முன்னங்காலின் அக்குளில் ஒரு நாணயத்தின் அளவுக்கு மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, தொட்டதும் காலை உதறினாள். நின்றிருக்கும்போது அக்குளிலிருந்து விலகியிருந்த அடிப்பட்டை, ஓடும்போது முன்னோக்கிச் சரிந்து ஒவ்வோர் எட்டிலும் அங்கே உராய்ந்திருக்கிறது.

ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தினேன். கடைக்கு எழுதியபோது, பயன்படுத்திய பொருள் என்று தட்டிக்கழிக்காமல், நெஞ்சுச் சுற்றளவையும் முன்னங்கால்களுக்குப் பின்னிருந்து கழுத்தடி வரையுள்ள நீளத்தையும் கேட்டுவாங்கி, ஓர் அளவு பெரிய பட்டையை மாற்றி அனுப்பினார்கள். அதன் அடிப்பட்டை முன்னங்காலிலிருந்து நான்கு விரற்கடை பின்தள்ளியே நிற்கிறது. புண் ஆறியபின் இன்றுவரை மீண்டும் வரவில்லை. விற்பனைக்குப் பிந்தைய சேவையில் குறைசொல்ல இடமில்லை என்றாலும், அந்த இரண்டு அளவுகளையும் முதலிலேயே கேட்டிருந்தால் சிட்டுவின் தோல் தப்பித்திருக்கும். வாங்குகிறவர்கள் எடை அட்டவணையை நம்பாமல் நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள். மாட்டியபின் நிறுத்தி வைத்து மட்டும் பார்க்காமல், பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு அக்குளையும் நெஞ்செலும்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது, நான் விழுந்த கதை. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, வலப்புறம் ஓடிக்கொண்டிருந்த சிட்டு, இடப்புறப் புதரிலிருந்து வெளிப்பட்ட பூனையைப் பார்த்துவிட்டு எனக்குக் குறுக்கே பாய்ந்தாள். நேராக முன்னால் இழுத்தால் எலாஸ்டிக் தாங்கும். குறுக்கே இழுத்தால் பட்டை இடுப்பைச் சுற்றி உருளும். வார் மாட்டிய வளையம் வயிற்றுக்கு நேரிலிருந்து விலாப்பக்கம் போய்விட்டது. நான் ஒரு காலை மற்றொரு காலில் தட்டி விழுந்தேன். இரண்டு உள்ளங்கையும் ஒரு முழங்காலும் சிராய்த்தன. அதைவிட எனக்கு உறைத்தது அடுத்த சில நொடிகள்: தரையில் கிடந்தபடியே வாரைக் கழற்ற முயன்றபோது, நாய் இழுத்துக்கொண்டிருந்ததால் காரபைனர் கொக்கி திறக்கவில்லை. அந்த வகைக் கொக்கிக்கு வாயைத் திறக்கக் கொஞ்சமேனும் தொய்வு வேண்டும். இடுப்புப் பட்டையின் பிளாஸ்டிக் பக்கிளோ முதுகுப்பக்கம் உருண்டுவிட்டிருந்தது. பூனை மரமேறியதால் சிட்டு நின்றாள். நின்றதால் நான் எழுந்தேன். அது சாலையோரமாக இல்லாமல் பூங்காவாக இருந்தது நல்லதாயிற்று.

இழுப்பு இருக்கும்போதே ஒரு சுண்டலில் அவிழ்ந்துகொள்ளும் கொக்கி என்று ஒரு வகை உண்டு. குதிரைகளைக் கட்டும் இடங்களிலும் படகுகளிலும் நெடுங்காலமாகப் பயன்படுவது. இடுப்போடு ஒரு விலங்கைப் பிணைக்கும் எந்தப் பொருளிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தொகுப்பில் அது இல்லாததற்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதன்று. நான் தனியாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

தண்ணீர்ப் புட்டியும் கிண்ணமும் தம் வேலையைச் செய்கின்றன. கிண்ணத்தில் சிட்டு நான்கு மிடறு குடிப்பாள், மீதியை என் காலணியில் சிந்துவாள். இவற்றைக் கொடுத்ததற்காக நிறுவனத்துக்கு நன்றி சொல்லத் தோன்றும் அதே வேளையில், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாசகம் எரிச்சலூட்டுகிறது: எல்லாப் பருவத்துக்கும் எல்லா நாய்களுக்கும் ஏற்றதாம். நாயோடு ஓடுவதில் அதைவிடத் தவறான ஒரு வாக்கியத்தை எழுத முடியாது. மனிதருக்கு உடம்பெங்கும் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சொல்லத்தக்க அளவில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடம்பின் சூட்டை அது பெரும்பாலும் நாக்கின் வழியாக, மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் நாக்கின் ஈரமும் எளிதில் ஆவியாகாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்; அது 41 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நமக்கு இதமாகத் தோன்றும் வெயில் அதற்குப் பெருஞ்சுமையாக இருக்கலாம், அதிலும் நம்மோடு ஓட வேண்டும் என்ற ஆசையால் அது தானாக நிற்காமலே ஓடிக்கொண்டிருக்கும்.

கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லாததால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தார்ச்சாலையில் இறங்கும் முன் புறங்கையை அதன்மீது சில நொடிகள் வைத்துப் பார்க்கிறேன். வைக்க முடியாவிட்டால் அன்று ஓட்டம் இல்லை, ஏனெனில் நாய் வெறும் காலோடு ஓடுகிறது. ஓடும்போது நாக்கைக் கவனிக்கிறேன். சாதாரணமாகத் தொங்கும் நாக்கு, முனை அகன்று கரண்டிபோல வளைந்தால், அது சூடேறிவிட்டது என்று பொருள். அப்போதே நடைக்கு மாறிவிட வேண்டும். ஈறு அடர்சிவப்பாவது, எச்சில் நூலாக ஒழுகுவது, நிழலைக் கண்டதும் ஒதுங்குவது, கால் தள்ளாடுவது ஆகியவை தென்பட்டால் ஓட்டத்தை நிறுத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தப் புட்டியில் பிடிக்கும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கத்தான் போதும், ஊற்றப் போதாது என்பதால், வழியில் தண்ணீர்க் குழாய் இருக்கும் பாதையையே தேர்ந்தெடுக்கிறேன்.

'எல்லா நாய்களுக்கும்' என்பதும் அப்படித்தான். பக், புல்டாக் போன்ற தட்டைமூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகலாக இருப்பதால், அவற்றை இடுப்பில் கட்டி ஓடச்செய்வது கொடுமை. குட்டிகளுக்கும் ஆகாது: எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் சிறிய இனங்களில் ஓராண்டுக்குள் மூடிக்கொண்டாலும், பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டுவரை கூட ஆகலாம், அதற்குமுன் கெட்டித் தரையில் நெடுந்தூரம் ஓடினால் மூட்டுகள் கெடும். ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், வயிறு நிறைய உண்டதும் ஓட அழைத்துச் செல்வது சரியன்று. நான் சிட்டுவுக்கு ஓட்டம் முடிந்து, மூச்சு அடங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காலை உணவு வைக்கிறேன். ஓராண்டு ஏற்கெனவே என்னோடு ஓடியவள்தான் என்றாலும், புண் ஆறியபின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்றே மீண்டும் தொடங்கினோம். முதன்முறையாக ஓடப்போகும் நாயாக இருந்தால் இதைவிடவும் மெதுவாக, இரண்டு மாதமேனும் எடுத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டுவதே முறை. மூச்சும் தசையும் தேறுவதற்கு முன் பாதத்தின் தோல் தேற வேண்டும்.

வாங்கும் முன் எனக்கு எவரும் சொல்லாத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். இடுப்பில் கட்டிய வார், மோப்பம் பிடிக்கும் நாய்க்கு ஏற்றதன்று. சிட்டு ஒரு கம்பத்தடியில் சட்டென்று நின்றால் என் இடுப்பு பின்னால் வெட்டி இழுக்கப்படும். நான் நிற்காவிட்டால் அவள் தரதரவென்று இழுபடுவாள். இருவருக்கும் எரிச்சல். இப்போது வீட்டிலிருந்து இறங்கியதும் முதல் பத்து நிமிடம் சாதாரண வாரில், அவள் போக்கில், எதை வேண்டுமானாலும் முகரலாம். மலசலமெல்லாம் அப்போதே முடிந்துவிடும். அதன்பிறகு இடுப்புப் பட்டையைப் பூட்டும் 'கிளிக்' சத்தம் கேட்டதும் தலை நிமிர்ந்து நிற்கிறாள். அந்தச் சத்தத்துக்குப் பின் மோப்பம் இல்லை என்பதை மூன்று வாரத்தில் அவளாகவே புரிந்துகொண்டாள். வலம், இடம், மெல்ல, நில் என்ற நான்கு சொற்களை மட்டும் கற்பித்தேன்; இவற்றில் 'மெல்ல' மட்டும் இன்னும் அவளுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் வேண்டாம் என்று வைத்திருக்கிறாள்.

உழைப்பைப் பொறுத்தவரை, ஐந்து மாதத்தில் எலாஸ்டிக் தளரவில்லை, பட்டையின் தையல் எங்கும் விடவில்லை. மார்புப் பட்டையில் இருட்டில் ஒளிரும் நாடா ஒரு பக்கம் பிரிந்துவிட்டது. மழையில் நனைந்த பிறகு காரபைனரின் சுருள்வில் கரகரத்தது. ஒரு சொட்டு எண்ணெயில் சரியாயிற்று. சிறு பையின் ஜிப் சாவியையும் கைப்பேசியையும் பத்திரமாக வைத்திருக்கிறது, ஆனால் கைப்பேசி பெரிதாக இருந்தால் ஓடும்போது வயிற்றில் இடிக்கும்.

இதை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், இடுப்புப் பட்டையை மட்டும் தனியாக விற்றால் மறுபேச்சில்லாமல் வாங்குவேன். என் தோள் வலி போய்விட்டது, இரண்டு கையும் வீசி ஓட முடிகிறது. அதற்காகத்தான் வாங்கினேன், அது கிடைத்தது. முழுத் தொகுப்பாகப் பார்த்தால் ஐந்துக்கு மூன்று தருவேன். வாரில் நீளத்தைக் குறைக்கும் வசதியும் இழுப்பில் அவிழும் கொக்கியும் வந்துவிட்டால் நான்கு. பத்து கிலோவுக்குக் குறைந்த நாய் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சின்ன நாய்க்கு மாட்டிப் பார்த்தோம். அந்த இரும்புக் கொக்கியின் கனத்துக்கே அதன் மார்புப் பட்டை ஒருபக்கம் சரிந்துவிட்டது.